இரண்டு மாத மாலை

தீயணைப்பு வண்டியை வெளியே தள்ளிவிட்டு
அந்தக் கொட்டகையில்தான் கண் பரிசோதனை.
ஜன்னலுக்குக் கறுப்புத் துணி தேவைப்படவில்லை,
நவம்பர் கடைசி, மத்தியானம் இரண்டரை.
தெருவிளக்கு ஒன்றுதான் இடைஞ்சல்.
அதன் பக்கத்து ஜன்னலுக்கு மட்டும் யாரோ
தீவனச் சாக்கைக் கிழித்து ஒட்டியிருந்தார்கள்.

பதினோரு நாய்கள். கண்ணுக்கு இரண்டு சொட்டு.
கண்மணி விரிய அரைமணி நேரம்.
காப்பியும் உலர்ந்த இறைச்சியுமாய்க் காத்திருந்தோம்.
நிறமெல்லாம் போய்க் கறுப்பு மட்டும் மிஞ்சிய கண்களால்
நாய்கள் எங்களைப் பார்த்தன,
யார் நீங்கள் என்பதுபோல.

டாக்டர் தூலிக்கி ஹார்யு
ரொவானியெமியிலிருந்து ஆறு மணி நேரம் ஓட்டி வந்தவள்.
நெற்றியில் விளக்கு, கையில் ஒரு வில்லை.
ரத்தம் எடுக்கும் ஊசியைப் பார்த்து
முகத்தைத் திருப்பிக்கொண்டது நாயல்ல, ஓவ்லா.

நான் சால்மோவின் தாடையைப் பிடித்துக்கொண்டேன்.
புருவத்தில் இரண்டு மஞ்சள் பொட்டு அவனுக்கு.
நாலுகண்ணன் என்பான் என் அண்ணன் நீலாஸ்.
துருவமான் ஒன்று பிரிந்து போனாலும்
நாலில் ஏதாவது ஒரு கண்ணில் சிக்கிவிடுமாம்.

அவள் குனிந்தாள். நிமிர்ந்தாள். மறுபடி குனிந்தாள்.
மூன்றாம் தடவை குனிந்தபோது
எனக்குத் தெரிந்துவிட்டது.

இதைச் சொல்லியாக வேண்டும்:
பனிவண்டி விளக்கில் அவன் கண்
வேறெந்த நாயின் கண்ணையும்விடப் பளிச்சென்றிருக்கும்.
ஆற்றின் அக்கரையிலிருந்துகூட
இரண்டு பச்சைக் கனல்.
மூன்று குளிர்காலம் அதைச் சொல்லிச் சொல்லிப் பீற்றிக்கொண்டோம்.
அந்தக் கண்ணைப் பார்த்துத்தான்
ஆட்கள் தங்கள் பெட்டைகளைக் கூட்டிவந்தார்கள்.

"பளபளப்பு அதிகம்" என்றாள், விளக்கை அணைக்காமல்.
"விழித்திரை மெலிந்துவிட்டது.
பின்னாலிருக்கும் கண்ணாடி மறைப்பில்லாமல் தெரிகிறது.
வருகிற வெளிச்சத்தை வாங்கிக்கொள்ள உள்ளே ஆளில்லை,
வந்த வழியே திரும்பிப் போகிறது."

மாலைக்கண் என்று ஒரு சொல்.
மாலை ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும் ஊரில்
யாரோ வைத்த பெயராயிருக்கும்.
இங்கே மாலை இரண்டு மாதம்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில்
பழைய கணக்கெல்லாம் தானாகவே நேரானது.
போன வருஷம் வேலிக்கம்பத்தில் முட்டிக்கொண்டது.
அவசரக்காரன் என்று சிரித்தோம்.
இருட்டியதும் என் முழங்காலோடு ஒட்டியே நடந்தது.
அதற்குப் பாசம் என்று பெயர் வைத்தது நான்தான்.

மூன்று வாரத்தில் ரத்தத்தின் காகிதம் வந்தது.
கண் சொன்னதையே அதுவும் சொன்னது.
நான்கு ஈற்று, இருபத்திரண்டு குட்டிகள்.
ஒவ்வொன்றின் ரத்தத்திலும் அவன் பங்கு இருக்கிறது;
தாய்வழியிலும் அதே பங்கு வந்திருந்தால் கண் போகும்,
வராவிட்டால் சும்மா சுமந்து திரியும்,
இன்னொரு குட்டிக்குக் கொடுக்கும்வரை.

நீலாஸ் தொலைபேசியை என் பக்கம் தள்ளினான்.
நாற்பது மான்கள் பனிக்கட்டி உடைந்து ஆற்றில் போன அன்றும்
அவன் இப்படி உட்கார்ந்ததில்லை.

பியேரா பணத்தைத் திருப்பிக் கேட்டான்.
கேட்கட்டும், நியாயம்தான்.
செவெத்தியார்வியில் ஒருத்தி
கொஞ்ச நேரம் அடுப்புச் சத்தம் மட்டும் கேட்கவிட்டு,
"மக்கு மக்கு என்று ராத்திரியெல்லாம் திட்டினேனே" என்றாள்.
கடைசி எண்ணை யாரும் எடுக்கவில்லை.
இன்னும் எடுக்கவில்லை.

இன்று கூட்டத்தை மலையோரம் மடக்கினோம்.
பதினொன்றுக்கு ஒரு நீலம் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனது.
சால்மோ நின்ற இடத்தில் நின்று
காற்றை மோந்தான்.
வண்டியின் விளக்கை அணைத்தேன்.
அந்த அழகை நான் இனிப் பார்க்க வேண்டியதில்லை.

எஞ்சினை அணைக்கவில்லை.
அந்த உறுமலைப் பிடித்துக்கொண்டுதான்
பனியில் நேராய் வருகிறான்.
பெட்ரோல் வீணாகிறது என்று
தூரத்திலிருந்து நீலாஸ் கத்துகிறான்.
கத்தட்டும்.
காது அந்தப் பக்கமும் திரும்புகிறது அவனுக்கு.